கருவி காட்டும் எண்ணும் பேரனின் இளைப்பும்

எண்ணூருக்கு அருகே, கடலோரக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருடைய ஆறு வயதுப் பேரனுக்குக் கார்த்திகை பிறந்ததிலிருந்து விடியற்காலையில் இருமலும் இளைப்பும் வருகின்றன. மொட்டைமாடியில் காயவைத்த துணியை உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி பறக்கிறது. மகன் வாங்கித் தந்த சிறிய காற்றுத்தரக் கருவியைப் பால்கனியில் வைத்து, 23 நாள்கள், காலை 5.30, 9, பிற்பகல் 2, இரவு 8 என நான்கு வேளையும் நோட்டில் எழுதி வந்திருக்கிறார். விடியற்காலை எண் பல நாள்களில் 180ஐத் தொடுகிறது. ஆனால் நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள அரசுக் கண்காணிப்பு நிலையம் அதே நாள்களில் 90ஐ ஒட்டிய குறியீட்டைக் காட்டி, காற்று ‘திருப்தி’ என்கிறது. ஓர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைகூட வரவில்லை. பள்ளியில் கருவி வைக்கத் தலைமையாசிரியரும் மறுத்துவிட்டார். அருகிலுள்ள ஆலையின் புகைபோக்கிதான் காரணம் என்று உறுதியாக நம்பும் அவர், ஆலையின் பெயரைப் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் எண்களை வெளியிடவும் வழக்குத் தொடுக்கவும் எண்ணுகிறார். அந்த ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் அண்டை வீட்டார் வேண்டாம் என்கிறார்கள். “அரசு பொய் சொல்கிறதா, என் கருவி பொய் சொல்கிறதா? வழக்குப் போடுவதா, வீட்டை விற்றுவிட்டுப் போவதா?” என்று கேட்டிருக்கிறார்.

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் நோட்டுப் பக்கங்களின் நகலை இரண்டு இரவுகள் வைத்துப் பார்த்தேன். எண்களைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது நான்காம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி. “பழக்கமாகிவிடும் என்று சொன்னதால் இன்ஹேலரை நிறுத்திவிட்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசிவிடுவோம். இன்ஹேலர் பழக்கமாகும் மருந்து அன்று. மாத்திரையாகவோ சிரப்பாகவோ கொடுத்தால் உடல் முழுவதும் பரவும் மருந்தை, மிகக் குறைந்த அளவில், மூச்சுக்குழாய்க்கு மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அது. தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்தும், இளைப்பு வந்தவுடன் இழுக்க வேண்டிய நிவாரண மருந்தும் வேறு வேறு. முன்னதை நிறுத்தினால் இரண்டொரு வாரத்தில் மூச்சுக்குழாயின் வீக்கம் திரும்ப வந்துவிடும். நீங்கள் நிறுத்திய தேதியும் விடியற்காலை இளைப்பு கூடிய தேதியும் உங்கள் நோட்டிலேயே பத்து நாள் இடைவெளியில் இருக்கின்றன. காற்று சுத்தமாகும்வரை பையனின் வைத்தியம் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே குழந்தைநல மருத்துவரிடமோ நெஞ்சக மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போனாலோ, ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108ஐ அழைத்துவிடுங்கள். கருவி என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டு எண்களும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம்

இனி உங்கள் முதல் கேள்வி. உங்கள் கருவி காட்டும் 180 என்பது அந்த நிமிடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள) நுண்துகளின் எடை, மைக்ரோகிராமில். அரசு நிலையம் காட்டும் 90 எடையே அன்று. அது காற்றுத் தரக் குறியீடு. எட்டு மாசுகளில் எது மோசமோ அதைக் கொண்டு, துகளைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடுவது. நம் நாட்டில் 2015 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தக் குறியீட்டில், பி.எம். 2.5இன் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமாக இருந்தால் குறியீடு 100; அதுவரை ‘திருப்தி’ என்றே சொல்லப்படும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை மூன்று மணி நேரம் 180, மீதி 21 மணி நேரம் 40 என்று வையுங்கள். சராசரி 57.5 வரும், குறியீடு ஏறத்தாழ 96. ஆக, விடியலில் பேரன் இழுத்தது 180, அந்த நாளுக்குக் கிடைத்த பட்டம் ‘திருப்தி’. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் சராசரிக்குள் பையனின் விடியற்காலை கரைந்துபோய்விட்டது. அதே 57.5ஐ அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் 150ஐத் தாண்டும். வெளிநாட்டுச் செயலிகள் சில அந்தக் கணக்கைத்தான் காட்டுகின்றன. உங்கள் மகன் அனுப்பிய திரைப்பிடிப்பும் அந்த வகைதான். எடையை எடையோடும், குறியீட்டை அதே நாட்டுக் குறியீட்டோடும்தான் ஒப்பிட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நிலையத்தின் மணிவாரி எடையளவையும் தரவிறக்கிக்கொள்ளலாம். கத்திவாக்கம், மணலி நிலையங்களின் காலை 5 முதல் 6 மணி வரையான அளவை எடுத்து உங்கள் நோட்டின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் நினைப்பதைவிட இரண்டும் நெருங்கியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

‘திருப்தி’ என்ற சொல்லை நானும் முழுமையாக ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 24 மணி நேரத்துக்கான அளவு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 60. வரம்புக்குள் இருக்கும் காற்று என்பதும் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஏற்ற காற்று என்பதும் ஒன்றல்ல.

உங்கள் கருவி எங்கே தடுமாறும்

இத்தகைய கருவிகள் காற்றை ஒரு லேசர் ஒளியின் குறுக்கே இழுத்து, துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு எடையை ஊகிக்கின்றன. விடியலில் கடலோரக் காற்றின் ஈரப்பதம் மிகவும் கூடும்போது துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகும். கருவி அந்த நீரையும் தூசியாக எண்ணிவிடும். எனவே உங்கள் 180இல் ஒரு பங்கு பனிதான். எவ்வளவு என்பதை அறிய, கருவியை அரசு நிலையத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், அனுமதி பெற்று, இரண்டு வாரமாவது வைத்து ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறை, ஆடிக் காற்றில் ஒரு முறை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மொட்டைமாடியில் படியும் சாம்பல் பெருந்துகள். அதை இந்த வகைக் கருவிகள் சரியாகப் பிடிப்பதில்லை, பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்) என்று அது காட்டும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். சாம்பலுக்கு எளிய வழி வேறு இருக்கிறது. கழுவித் துடைத்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை மாடியில் ஏழு நாள் வைத்து, படிந்ததைச் சுத்தமான தூரிகையால் திரட்டி, தேதியும் இடமும் எழுதிய உறையில் போட்டு மூடுங்கள். அனல் மின் நிலையச் சாம்பல் நுண்ணோக்கியில் கண்ணாடி மணிகள்போல் உருண்டையாகத் தெரியும். நிலக்கரித் தூள் உடைந்த சில்லுபோல் கோணல்மாணலாக இருக்கும். சாலைப் புழுதி இரண்டிலும் சேராது. நுண்ணோக்கி உள்ள ஒரு கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறையில் கேட்டால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கருவிக்குத் தெரியவே தெரியாதவை வாயுக்கள். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பியது கண்ணெரிச்சலும் மூச்சுமுட்டலும்தான். உங்கள் கருவி அன்று அங்கே இருந்திருந்தால் அமைதியாகப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். ஆகவே நோட்டில் வாடையைக் குறிக்க ஒரு பத்தி (நெடுவரிசை) வேண்டும்.

இன்னொன்றையும் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் இரவு 8 மணி எண் மற்ற நாள்களைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. பால்கனிக்குப் பக்கத்தில்தான் பூஜையறை ஜன்னல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஆலைப் புகையன்று, உங்கள் வீட்டுச் சாம்பிராணி. கருவியைச் சமையலறை, பூஜையறை, ஏசி வெளிக்காற்று ஆகியவற்றிலிருந்து தள்ளி, தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாத உயரத்தில், மழை நேரடியாகப் படாத திறந்த இடத்தில் வையுங்கள். பேரன் படுக்கும் அறையில் இரவு முழுவதும் எரியும் கொசுவர்த்தியையும் நிறுத்துங்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகளை விடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள், கொசுவலை போதும்.

புகைபோக்கிதான் என்று எப்படித் தெரியும்?

உங்கள் கடிதத்தில் நான் ஏற்கத் தயங்கும் இடம் இதுதான். பனிக்காலத்து இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன் மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் நிற்கும். மூடிக்குக் கீழே எழும் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கும். விறகடுப்பு, குப்பை எரிப்பு, கன்டெய்னர் லாரிகளின் வரிசை, நிலக்கரிக் குவியலிலிருந்து கிளம்பும் தூள் ஆகியவைதான் விடியல் 5.30 எண்ணுக்கு முதல் சந்தேகத்துக்குரியவை. உயரமான புகைபோக்கியின் புகை பெரும்பாலும் அந்த மூடிக்கு மேலே போய்விடும். வெயில் ஏறி மூடி கலையும்போது, அதாவது காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், அது கீழே இறங்கும். உங்கள் நோட்டில் 9 மணி எண் 5.30 எண்ணைவிடக் கூடியிருப்பது மூன்று நாள்களில் மட்டுமே. ஆலையைப் பற்றி ஏதேனும் சொல்லக்கூடிய நாள்கள் அந்த மூன்றுதான். அந்த மூன்று நாளும் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று எழுதவில்லை.

காற்றின் திசை இல்லாத எண் முகவரி இல்லாத கடிதம். இதற்குக் கருவிகூட வேண்டாம். உங்கள் தெருக்கோடியிலுள்ள மீனவர்களைக் கேளுங்கள். வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, எந்நேரம் திரும்பியது என்று நாழிகைக் கணக்கில் சொல்வார்கள். ஆலையிலிருந்து காற்று உங்கள் பக்கம் வீசும்போது எண் ஏறி, கடற்காற்று திரும்பியதும் இறங்கினால், அதுவும் பல நாள் திரும்பத் திரும்ப நடந்தால், உங்கள் ஐயத்துக்கு அடித்தளம் கிடைத்துவிடும். ஒரே வீட்டில் ஒரு கருவிக்குப் பதிலாக, ஒரே வகைக் கருவிகள் ஐந்தாறை முதலில் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு ஆலையின் இரு புறமும் பிரித்து வைத்தால் இன்னும் தெளிவாகும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004இல் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் காற்றுப்பை பொருத்திய, கலிபோர்னியாவில் பிறந்த எளிய கருவியால் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள், அவற்றுள் சில புற்றுநோய் உண்டாக்குபவை, இருப்பது தெரிந்தது. வாளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் வியப்பது அவர்களுடைய வாடைக் குறிப்பேட்டைத்தான். அழுகிய பழம், நகப்பூச்சு என்று தங்கள் மூக்கு அறிந்த சொற்களில், நேரத்தோடும் இடத்தோடும் எழுதி வந்ததால்தான் வாளியை எப்போது எங்கே திறப்பது என்று அவர்களுக்குத் தெரிந்தது. அந்த வாயுக்களுக்கு அன்று நம் நாட்டில் வெளிக்காற்று வரம்பே கிடையாது. பென்சீனுக்கு வரம்பு வந்தது 2009இல்தான்.

சட்டத்தில் உங்களுக்குள்ள பிடிகள்

நான் வழக்கறிஞன் அல்லன்; நோயாளிகளுக்கு மருத்துவச் சான்று எழுதிக் கொடுத்த பழக்கத்தில் கற்றவற்றைச் சொல்கிறேன். வழக்கு என்று முடிவு செய்தால் சுற்றுச்சூழல் சட்டம் தெரிந்த ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

வரம்பு மீறல் பற்றி: 2009 நவம்பர் 18 அன்று வெளியான தேசிய வெளிக்காற்றுத் தர அறிவிக்கையின் அடிக்குறிப்பில் பலரும் படிக்காத ஒரு வரி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அளவீட்டு நாள்களில் வரம்பு மீறப்பட்டால், அந்த இடத்தில் முறையான அல்லது தொடர்ச்சியான கண்காணிப்பையும் மேல்விசாரணையையும் தொடங்க அதுவே போதுமான காரணம் என்கிறது அது. உங்கள் மனுவின் நடுக்கம்பம் இதுவாக இருக்கட்டும். ‘ஆலையை மூடுங்கள்’ என்று கேட்பதைவிட, ‘எங்கள் தெருவில் ஒரு மாதம் உங்கள் கருவியை வைத்து அளந்து சொல்லுங்கள்’ என்று கேட்பது மறுக்கக் கடினமான கோரிக்கை. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்து ஏமாந்தது போதும்.

ஆவணங்கள் பற்றி: சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கையாகத் தர வேண்டும், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அவை பொது ஆவணங்கள். அனல் மின் நிலையம் உள்ளிட்ட 17 வகைப் பெருந்தொழில்கள் புகைபோக்கியில் தொடர் அளவீட்டுக் கருவி பொருத்தி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரவு அனுப்ப வேண்டும். உங்கள் நோட்டில் உள்ள அந்த மூன்று நாள்களின் தேதியையும் மணியையும் குறிப்பிட்டு, அந்நேரத்துப் புகைபோக்கித் தரவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். ‘மாசு விவரம் தரவும்’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

சாட்சியம் பற்றி: 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி வாரிய அதிகாரிகள் ஆலையில் எடுக்கும் மாதிரியேகூட, உரிய முறைப்படி எடுக்கப்படாவிட்டால் நீதிமன்றத்தில் ஏற்கப்படாது. அப்படியிருக்க உங்கள் பால்கனி எண் எதையும் மெய்ப்பித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. நேரம், காற்று, வாடை, இளைப்பு ஆகிய நான்கும் ஒழுங்காக எழுதப்பட்ட நோட்டைக் காட்டி, ஆய்வுக் குழு அமைக்கும்படி அதன் சென்னை அமர்விடம் கேட்க முடியும். கால வரம்பை மறக்க வேண்டாம். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு.

வாட்ஸ்அப் பற்றி: ஆலையின் பெயரோடு ‘நச்சுக்காற்று’ என்று போடுவதைத் தவிருங்கள். சரிபார்க்காத எண்ணோடு ஒரு பெயரைச் சேர்த்தால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுப்பீர்கள்; அதைவிட, எண் தவறென்று நாளை யாராவது காட்டிவிட்டால் உங்கள் நோட்டு முழுவதுமே கேலிக்குள்ளாகும். இடம், நேரம், எண், கருவியின் வகை ஆகியவற்றை மட்டும் போடுங்கள். நோயுற்ற குழந்தைகளின் பெயரோ படமோ எந்தக் குழுவிலும் வர வேண்டாம்.

அண்டை வீட்டாரும் பள்ளியும்

ஒப்பந்தத் தொழிலாளர்கள் பயப்படுவதைக் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் அம்மா. ஆலைச் சுவருக்கு உள்ளே நாள் முழுவதும் அந்தத் தூசியை இழுப்பவர்கள் அவர்கள். வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவர்களும் அவர்களே. கையெழுத்துக் கேட்காமல், பிள்ளைகளின் இருமல் நாள்களை மட்டும் ஒரு தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அளவீடு மட்டுமே கேட்கும் மனு என்றால் அவர்களில் சிலர் தாமாகவே வருவார்கள்.

தலைமையாசிரியர் பள்ளியில் கருவி வைக்க மறுத்தது பற்றி வருந்த வேண்டாம். கருவி இல்லாமலே அவரிடம் ஓர் உதவி கேட்கலாம். பனிக்காலத்தில் விளையாட்டு வகுப்பைக் காலையிலிருந்து, கடற்காற்று எழுந்த பிறகான பிற்பகலுக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் 23 நாள்களிலும் 2 மணி எண்தான் ஆகக் குறைவு; அந்த ஒரு பத்தியை மட்டும் படியெடுத்துக் கொடுங்கள், போதும். போகி அன்று விடியலில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும்படி பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பவும் கேட்கலாம்.

வீட்டை விற்பதா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். தடுப்பு மருந்தை ஒழுங்காக மூன்று மாதம் கொடுத்து, படுக்கையறைப் புகையை நிறுத்திப் பார்க்காமல், இளைப்புக்குத் தெருக்காற்று எவ்வளவு காரணம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் சளிக்கிருமியே குழந்தைகளின் இளைப்பைக் கிளப்பிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். காற்று சுத்திகரிப்பான் வாங்க வசதி இருந்தால், ஹெப்பா வடிகட்டி உள்ளதாக, பையன் படுக்கும் அறைக்கு மட்டும் வாங்கி, கதவைச் சாத்தி ஓட்டுங்கள். துகளைக் குறைக்கும், வாயுவுக்கு அதை நம்பாதீர்கள். காற்றைச் சுத்தமாக்கும் என்று உங்கள் சம்பந்தி சொன்ன பூந்தொட்டிகள் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். என்-95 முகக்கவசம் உங்களுக்குப் பயன்படும்; ஆறு வயது முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்துவது அரிது. மூன்று மாத வைத்தியத்துக்குப் பிறகும், ஆலைப் பக்கத்துக் காற்று வீசும் நாள்களில் மட்டும் இளைப்பு வருகிறது என்று நோட்டு காட்டினால், அப்போது இடம் மாறுவதைப் பற்றிப் பேசுவோம்.

நோட்டில் இனி ஏழு பத்திகள் போடுங்கள்: தேதி, நேரம், கருவி எண், அரசு நிலையத்தின் அந்த மணி நேர எடையளவு, காற்றின் திசை, வாடை, பேரனின் நிலை. கடைசிப் பத்திக்கு மூச்சை எவ்வளவு வேகமாக வெளிவிட முடிகிறது என்று அளக்கும் ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ என்ற சிறிய ஊதுகுழாய் மருந்துக் கடையில் கிடைக்கும். எப்படி ஊதுவது என்பதை மருத்துவர் பையனுக்கே கற்றுத் தருவார். காலையிலும் இரவிலும் மூன்று முறை ஊதச் சொல்லி, மூன்றில் உயர்ந்த எண்ணை எழுதுங்கள். தை பிறந்ததும் அந்தப் பக்கங்களின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள்.